நாற்பத்தேழாம் பக்கத்துக் கலங்கரை விளக்கம்

கடலிலிருந்து எண்பத்தாறு கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் செம்பராயன்கோட்டையில், ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்தபோது கலங்கரை விளக்கம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதை முதலில் பார்த்தவை ஆடுகள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கருவேலமரங்களுக்கு நடுவே, சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டுக்கொண்டு நூற்றிருபது அடி உயரத்துக்கு அது நிற்பதைப் பார்த்து, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பக்கத்தில் போய் முதுகைத் தேய்த்துக்கொண்டன. இரண்டாவதாகப் பார்த்தவர் ஐந்து நாற்பது மதுரை வண்டியின் ஓட்டுநர். "இது எப்பக் கட்டுனாய்ங்க?" என்று கேட்டார். "நான் ரெண்டு நாளா லீவுண்ணே, தெரியல" என்று நடத்துநர் விசிலை ஊத, வண்டி புறப்பட்டுப் போய்விட்டது.

அது எப்படி வந்தது என்று ஊரில் யாரும் பெரிதாகக் கேட்டுக்கொள்ளவில்லை, ஏனென்றால் அது இருப்பதாக ஞாயிற்றுக்கிழமையே செய்தித்தாளில் வந்திருந்தது, இரண்டு நாள் தாமதமாக வந்ததுதான் கொஞ்சம் குறை என்று சிலர் பேசிக்கொண்டார்கள். ஒரே ஒருத்திக்கு மட்டும்தான் அதைப் பார்த்ததும் கோபம் வந்தது. அவள் கடைவீதியில் மருந்துக்கடை வைத்திருந்த அருந்தவம்.

அருந்தவத்துக்கு வயது நாற்பத்தைந்து. மாத்திரை அட்டையைத் திருப்பிக் காலாவதித் தேதியைப் பார்க்காமல் எதையும் யாருக்கும் கொடுக்காதவள். பெண் பார்க்க வந்தவர்கள் மாப்பிள்ளை என்ஜினீயர் என்று சொன்னதற்கு அசல் சான்றிதழைக் கேட்டதால் மூன்று சம்பந்தம் முறிந்து, நாலாவது வராமலே போனவள். அதற்காக ஒரு நாளும் வருத்தப்படாதவள். மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை கடைக்கு ஆள் வராது. அந்த நேரத்தில் அவள் இணையத்தில் இருக்கும் தமிழ்க் கலைக்களஞ்சியத்தைத் திருத்திக்கொண்டிருப்பாள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் அழிக்கலாம் என்ற களஞ்சியம் அது. ஆனால் அதில் ஒரு வரி நிலைத்து நிற்க வேண்டுமென்றால், அந்த வரி எந்தப் புத்தகத்திலிருந்து வந்தது, எத்தனையாம் பக்கம் என்று கீழே சான்று காட்ட வேண்டும். அங்கே அவள் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'காலாவதி'. டொராண்டோவிலும் சிங்கப்பூரிலும் உட்கார்ந்துகொண்டு, தங்கள் சொந்த ஊரில் ராஜராஜ சோழன் ஒரு வாரம் தங்கி இளைப்பாறினான் என்று எழுதுகிறவர்களெல்லாம் அந்தப் பெயரைக் கண்டதும் சோழனைத் தாங்களே கிளப்பி அனுப்பிவிடுவார்கள்.

செம்பராயன்கோட்டை பற்றிய கட்டுரையில் மொத்தம் ஒன்பதே வரிகள். ஒன்பதுக்கும் சான்று உண்டு. அதில் பத்தாவதாக ஒரு வரியை 'மண்ணின் மைந்தன்' என்ற பெயரில் ஒருவர் கொண்டுவந்து சேர்த்தார். "ஊரின் கிழக்கே கலங்கரை விளக்கு ஒன்று உள்ளது, உயரம் 120 அடி." சான்று: ஊர்ப் பள்ளிக்கூடத்து நூற்றாண்டு விழா மலர், பக்கம் 47.

அருந்தவம் அழித்தாள். காரணம் என்ற இடத்தில் 'கடல் இல்லை' என்று எழுதினாள். அவர் திரும்பச் சேர்த்தார்; 'மலரில் இருக்கிறது' என்று எழுதினார். விழா மலரை நம்பக் கூடாது, அதில் யார் என்ன எழுதிக் கொடுத்தாலும் அப்படியே அச்சாகும் என்று சொல்லி அவள் மறுபடி அழித்தாள். இந்த இழுபறியில் அந்த வரி உயிரோடிருந்த மூன்று மணி நேரத்துக்குள், எங்கேயோ ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அரைப்பக்கம் நிரப்ப வேண்டியிருந்த ஒருவர் அதைப் படித்துவிட்டார். 'கடலில்லா ஊரில் கலங்கரை விளக்கம்!' என்று கொட்டை எழுத்தில் வந்தது. மண்ணின் மைந்தன் இப்போது இரண்டு சான்றோடு வந்தார். நாளிதழ் நம்மைப் பார்த்து எழுதியிருக்கிறது, நாம் நாளிதழைப் பார்த்து எழுதுகிறோம், இது நாய் தன் வாலையே துரத்துகிற மாதிரி இருக்கிறது என்று அருந்தவம் விவாதப் பக்கத்தில் எழுதினாள். யாரும் பதில் சொல்வதற்குள் கடைக்கு ஆள் வந்துவிட்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். அது திங்கட்கிழமை.

மறுநாள் காலை அவள் கலங்கரை விளக்கத்தின் அடியில் போய் நின்றாள். கையால் தட்டிப் பார்த்தாள், செங்கல்தான். நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், பெயின்ட் எப்போதோ காய்ந்திருந்தது. கடைக்குத் திரும்பி வந்து அந்த வரியை அழிக்கப் போனபோது விரல் நின்றுவிட்டது. இல்லாத ஒன்றை இருக்கிறது என்று எழுதினால் அழிக்கலாம். இருக்கிற ஒன்றை எப்படி அழிப்பது? சரி, விட்டுவிடலாம் என்றால் சான்று பொய். நானே கண்ணால் பார்த்தேன் என்று எழுதலாம் என்றால், சொந்தக் கண்ணால் பார்த்ததைக் களஞ்சியம் ஏற்றுக்கொள்ளாது. யாராவது எழுதி, அது எங்காவது அச்சாகியிருக்க வேண்டும். அந்த விதியைப் பதினோரு வருடமாக மற்றவர்கள் தலையில் வைத்து அழுத்தியவளே அவள்தான். கடைசியில் அந்த வரிக்குப் பக்கத்தில் 'சான்றின் நம்பகம் ஐயத்துக்குரியது' என்று ஒரு குறிப்பைப் போட்டுவிட்டு, இருமல் மருந்தை அடுக்கப் போய்விட்டாள்.

ஊருக்கு அப்படி எந்தச் சங்கடமும் இல்லை. ஒரே வாரத்தில் பேருந்து நிலையத்துக்கு லைட்டவுஸ் ஸ்டாப் என்று பெயர் வந்தது. அதன் படிக்கட்டில் மிளகாய் காய்ந்தது, வடாம் காய்ந்தது. மின்சார வாரியத்திலிருந்து வந்து மீட்டர் மாட்டினார்கள். பேரூராட்சித் தலைவர் குலசேகரபாண்டி மாலையோடு வந்து ரிப்பன் வெட்டி, இது தன் தகப்பனார் காலத்துக் கனவு என்று பேசினார். பேருந்து நிலையத்தை ஒட்டியிருந்த அவருடைய கல்யாண மண்டபத்துப் பலகையில் 'கடற்காற்று வசதியுடன்' என்று ஒரு வரி கூடியது. மண்ணின் மைந்தன் வேறு யாருமில்லை, அவர்தான்.

கலங்கரை விளக்கங்களைக் கவனிக்கும் துறைக்குப் பேரூராட்சி கடிதம் எழுதியது. எங்கள் பட்டியலில் இப்படி ஒரு விளக்கம் இல்லை, ஆனாலும் எந்த விளக்கமும் ஆளில்லாமல் இருக்கக் கூடாது என்று பதில் வந்தது, பதிலோடு காப்பாளரும் வந்தார். கடற்கரைக்காரர், மரியசூசை என்று பெயர். ஒரு டிரங்குப் பெட்டியும், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும், புளோரா என்று ஒரு மனைவியும் அவரிடம் இருந்தார்கள். புளோரா படியேறி மேல்மாடத்தில் அடுப்பை வைத்த அன்று சாயங்காலமே விளக்கு சுழல ஆரம்பித்தது. பன்னிரண்டு நொடிக்கு ஒரு முறை வெளிச்சம் ஊரைத் துடைத்துக்கொண்டு போனது. இரண்டே நாளில் ஊர் அதற்கும் பழகி, ஊசியில் நூல் கோக்கிறவர்கள் வெளிச்சத்துக்குக் காத்திருந்து கோத்தார்கள், புருஷன் பெண்டாட்டி சண்டை போடுகிறவர்கள் இருட்டில் திட்டிவிட்டு வெளிச்சம் வரும்போது வாயை மூடிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அந்த எண் விவகாரம் நடந்தது. யாரோ ஒருவர் கைபேசியில் எதையோ திருத்தப் போய், கை தவறி 120ஐ 102 ஆக்கிவிட்டார். பகல் பதினொன்றரை மணிக்கு, மீன் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்த புளோரா, "என்னங்க, எறங்குது" என்றாள். முட்டியை மடக்கி உட்காருகிற மாதிரி கோபுரம் பதினெட்டு அடி கீழே இறங்கியிருந்தது. அருந்தவம் பார்த்து எண்ணைச் சரிசெய்த நிமிடமே திரும்ப எழுந்து நின்றது. மிளகாய் காயப்போட்டவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் ஊருக்கு விஷயம் விளங்கிவிட்டது. களஞ்சியத்தில் எது இருக்கிறதோ அது ஊரில் இருக்கும். களஞ்சியத்தில் ஏற வேண்டுமென்றால் முதலில் அச்சில் ஏற வேண்டும். அச்சு என்றால் இருதயராஜ்.

அறுபத்தைந்து வயது இருதயராஜ், ஊரின் ஒரே அச்சகத்துக்காரர். பள்ளிக்கூடத்து மலரை அச்சடித்ததும் அவர்தான். மறுநாள் காலையிலிருந்து அவருடைய இயந்திரம் நிற்கவில்லை. வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் தமக்குச் சுருள்முடி உண்டு என்று துண்டறிக்கை அடித்தார். ஒருத்தி தன் வீட்டுக்காரர் குடிப்பதில்லை என்று வண்ணத்தில் அடித்தாள். இன்னொருவர் பங்காளிக்குக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியே அடித்துவிட்டார், பங்காளி அப்போது எதிர்க்கடையில் பரோட்டா தின்றுகொண்டிருந்தார். எல்லோரும் அச்சு மை காயாத காகிதத்தைப் பிடித்துக்கொண்டு மருந்துக்கடை முன்னால் வரிசையில் நின்றார்கள். அதற்கு முன் அவர்களே எழுதிச் சேர்த்ததையெல்லாம் 'காலாவதி' என்ற ஒருவர் மறுநிமிடமே அழித்துக்கொண்டிருந்தார். அது யார் என்று கண்டுபிடிக்க ஊருக்கு அரை நாள்கூட ஆகவில்லை.

"இது யாரு எழுதுனது?" என்று அருந்தவம் கேட்பாள்.

"நாந்தான்க்கா."

"அச்சடிச்சது?"

"நாந்தான்."

"யாரப் பத்தி?"

"என்னையப் பத்தித்தான்."

"அப்ப வீட்டுல மாட்டி வச்சுக்க. அடுத்த ஆளு வாங்க."

அஞ்சலிச் சுவரொட்டியை அவள் நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். அப்படியென்றால் எதைத்தான் ஏற்றுக்கொள்வாய் என்று வரிசையே சேர்ந்து கேட்டபோது, "உங்களப் பத்தி உங்களுக்கு வேண்டாதவங்க நல்லபடியா எழுதியிருந்தாக் கொண்டாங்க, பாக்கலாம்" என்றாள். அதன் பலனாகச் செம்பராயன்கோட்டையில் அந்த வாரம் நடந்த சமாதானங்களுக்குக் கணக்கில்லை. வரப்புத் தகராறில் பதினான்கு வருடம் முகம் பார்க்காதவர்கள் பலகாரத்தோடு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய், நீ என்னைப் பற்றி எழுது, நான் உன்னைப் பற்றி எழுதுகிறேன் என்று எழுதிக்கொண்டார்கள். அதையும் அருந்தவம் தள்ளிவிட்டாள். "கேட்டு வாங்குனது செல்லாது." ஆனாலும் தின்ற பலகாரத்தைத் திருப்பிக் கேட்க முடியாததால் சமாதானம் அப்படியே நின்றுவிட்டது.

வரிசையின் கடைசியில், குழாய்த்தெருப் பெண்கள் பன்னிரண்டு பேர் காலிக் குடத்தோடு வந்தார்கள். முன்னால் நின்றவள் வெள்ளத்தாய். எட்டு வருடமாக ஒன்பது நாளுக்கு ஒருமுறை வரும் தண்ணீர் லாரிக்கு முன்னால் முதல் ஆளாக நின்று, தொண்டையும் கையும் உரம் ஏறியவள். அவர்கள் நீட்டிய துண்டறிக்கையில் ஒரே வரிதான் இருந்தது: 'எங்கள் தெருக் குழாயில் தினமும் தண்ணீர் வரும்.'

அருந்தவம் அதை இரண்டு முறை படித்தாள். "இது உண்மையில்லையே வெள்ளத்தாயி."

"உண்மையா இருந்தா எதுக்குக்கா ஓங்கிட்ட வாரோம்?"

"பொய்ய எழுத மாட்டேன்."

வெள்ளத்தாய் குடத்தை இடுப்பிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். கடைக்கு எதிரே, கூரைகளுக்கு மேலே, சிவப்பும் வெள்ளையுமாக அது தெரிந்தது. "அந்தா நிக்குதே அம்புட்டு ஒசரத்துக்கு, அந்தப் பொய்ய மட்டும் எப்பிடி விட்டு வச்ச? பெரிய மனுசன் எழுதுனா நிக்கும், குடத்தத் தூக்கிட்டு வந்தா நிக்காதா?"

பதினோரு வருடத்தில் அருந்தவத்திடம் யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. பெண்கள் போன பிறகு அவள் அந்தத் துண்டறிக்கையை மடித்துக் கல்லாப்பெட்டியில் வைத்தாள். பிறகு களஞ்சியத்தைத் திறந்து, கலங்கரை விளக்க வரியை நீக்கலாமா என்று முறைப்படி விவாதத்துக்கு வைத்தாள். ஏழு நாள் அவகாசம். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு முடிவு. யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் நீக்குக என்றார். சிங்கப்பூரிலிருந்து ஒருவர் நீக்குக என்றார். மண்ணின் மைந்தன் மட்டும் விடாமல் நாளொன்றுக்குப் பத்து முறை ஊர்ப்பெருமை, ஊர்ப்பெருமை என்று எழுதிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை மத்தியானம் இருதயராஜ் வந்தார். அக்குளில் ஒரு பழைய காகிதக் கட்டு இருந்தது. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"தங்கச்சி, ஒரு பாவத்தச் சொல்லணும். மாதாகோயில் சாமியார்கிட்ட சொல்லியாச்சு. அவரு ஓங்கிட்ட சொல்லச் சொன்னாரு."

அது விழா மலரின் கையெழுத்துப் பிரதி. ஊர் வரலாறு எழுதிக்கொடுத்த தலைமையாசிரியர் சிவஞானம், மலர் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். நீல மையில் அழகான எழுத்தில் இருந்தது: 'ஊரின் கிழக்கே குளங்கரை விளக்கு ஒன்று உள்ளது, உயரம் 12 அடி.'

"குளங்கரையா?"

"நம்ம ஊர்லதான் கொளமே இல்லையே தங்கச்சி. வாத்தியார் 'கலங்கரை'யத்தான் தப்பா எழுதிட்டாருன்னு நெனச்சு நான் திருத்திட்டேன். பன்னெண்டு அடியில கலங்கரை வெளக்கு எங்கயாச்சும் இருக்குமா? அதுனால பூஜ்யத்தையும் நானே போட்டேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லதுன்னுதான் செஞ்சேன்."

கையெழுத்துப் பிரதி அச்சில் வராதது, அதனால் அதுவும் சான்றாகாது. ஆனால் அந்த வரிக்குக் கீழே பொடி எழுத்தில் ஆசிரியர் தாம் எதைப் பார்த்து எழுதினார் என்று குறித்திருந்தார்: மாவட்டக் கையேடு, 1954, பக்கம் 212. அருந்தவம் கடைக்கதவை இழுத்துப் பூட்டினாள். இருவரும் கிளை நூலகத்துக்குப் போனார்கள். நூலகர் பீரோச் சாவியைத் தேடி எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. அரசாங்கம் அச்சிட்ட தடிப் புத்தகம், பூச்சி ஓரத்தை மட்டும் தின்று எழுத்தை விட்டு வைத்திருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், 'செம்பராயன்கோட்டையின் கிழக்கே நான்கு ஏக்கர் பரப்பில் படித்துறையுடன் நன்னீர்க் குளம் ஒன்றும், அதன் கரையில் பன்னிரண்டு அடி உயரக் கல்விளக்கு ஒன்றும் உள்ளன' என்று இருந்தது.

இருதயராஜ் அதை வாய்விட்டுப் படித்தார், பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்கு மூணு வயசா இருக்கயில மூடினதாம். எங்க அம்மா சொல்லும். நான் நம்புனதில்ல. பஸ் ஸ்டாண்டும் தலைவரு மண்டபமும் இருக்குற எடந்தான்."

மறுநாள் குலசேகரபாண்டி கடைக்கு வந்தார். நூலகத்தில் யார் எந்தப் பீரோவைத் திறந்தாலும் அவருக்குச் சேதி போய்விடும். குளத்தை மூடியவர் அவருடைய தகப்பனார். மூடிய இடத்தில் பாதியில் பேருந்து நிலையமும் பாதியில் குடும்பத்து மண்டபமும் எழுந்தன. அவர் கோபப்படவில்லை. சோடா வாங்கிக் குடித்தார்.

"ஏம்மா அருந்தவம், அந்தப் புஸ்தகம் ரொம்பப் பழசு. அப்ப இருந்துச்சு, இப்ப இல்ல. நீ படிச்ச பொண்ணு. குளம் 'இருந்தது'ன்னு போடு. நான் குறுக்க நிக்க மாட்டேன். லைட்டவுஸ் போனாலும் போயிட்டுப் போகுது."

இதில் சங்கடம் என்னவென்றால், அவர் சொன்னது சரி. எழுபது வருடத்துக்கு முந்தைய புத்தகம் அன்றைக்கு இருந்ததைத்தான் சொல்ல முடியும். வேறு எந்த ஊர்க் கட்டுரையாக இருந்தாலும் அவள் அப்படித்தான் திருத்தியிருப்பாள். "சரியாத்தான் சொல்றீங்க தலைவரே" என்றாள். அவர் சந்தோஷமாகப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் நூற்று அறுபத்தெட்டுப் படி ஏறி மேல்மாடத்துக்குப் போனாள். மரியசூசை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். புளோரா வந்தவளுக்கு முதலில் தண்ணீர் கொடுத்தாள், பிறகுதான் எதற்கு வந்தாய் என்று பார்வையால் கேட்டாள். அருந்தவம் மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"நாலு மணிக்குள்ள நீங்க ரெண்டு பேரும் கீழ எறங்கிரணும். நீங்க எறங்காம நான் கை வைக்க மாட்டேன்."

மரியசூசை துணியை மடித்து வைத்தார். "எறங்கி?" என்று கேட்டது புளோரா. "எங்க போவ சொல்லுதிய? எங்க வீட்டக் கடல் எடுத்துட்டுக்கா. ஆபீஸ்ல போயி எழுதிக் குடுத்தா, வீடு இருந்ததுக்கு ஆதாரம் கொண்டாங்காவ. பட்டா வீட்டுக்குள்ளதான் இருந்துச்சி. கடல் அதையும் சேத்துத்தான் எடுத்துட்டுப் போச்சி. இவ்வளவு ஒசரத்துல வந்து உக்காந்தா யாரும் ஆதாரம் கேக்க மாட்டாவன்னு நெனச்சோம். இப்ப நீங்க ஏறி வந்துட்டிய."

"புளோரா" என்றார் மரியசூசை.

"நான் சண்டைக்குப் பேசல. அக்கா எழுதுறத எழுதட்டும். ஆனா எங்களுக்குக் காலு வைக்க ஒரு எடத்தக் காட்டிட்டு எழுதணும்." அவள் கிழக்கே கையை நீட்டினாள். வெயிலில், வானம் முடிகிற இடத்தில், ஒரு மெல்லிய வெள்ளிக் கோடு தெரிந்தது. "காலையில இன்னும் நல்லாத் தெரியும். எங்க கடலு."

அங்கிருந்து கடல் தெரிய வழியே இல்லை என்று அருந்தவத்துக்குத் தெரியும். "கையேட்டுல ஒரு எடம் இருக்கு, எறங்குங்க" என்று மட்டும் சொன்னாள். அவர்களோடு சேர்ந்து டிரங்குப் பெட்டியை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, படிப்படியாக இறக்கி வந்து, கருவேல நிழலில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனாள்.

மணி நாலு ஐந்து. பத்தாவது வரியை அழித்தாள். அந்த இடத்தில் கையேட்டில் இருந்ததை ஒவ்வொரு சொல்லாகத் தட்டினாள். கிழக்கே, நான்கு ஏக்கர், படித்துறை, நன்னீர்க் குளம், கல்விளக்கு, எல்லாம் வந்துவிட்டது. கடைசிச் சொல் மட்டும் பாக்கி. 'இருந்தன' என்று போட்டால் உண்மை. வெறும் கருவேலங்காடும், பெட்டி மேல் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரும், பன்னிரண்டு காலிக் குடமும் மிஞ்சும். அவள் 'இருந்தன' என்று தட்டினாள். அழித்தாள். மறுபடி தட்டினாள், மறுபடி அழித்தாள். காலாவதியான மருந்தை ஒரு நாளும் கொடுத்ததில்லை என்று நினைத்துக்கொண்டாள். பிறகு புத்தகத்தைப் பார்த்தாள். புத்தகத்தில் இருந்த சொல்லையே எழுதினாள்: 'உள்ளன.' காரணம் என்ற இடத்தில் 'சான்றில் உள்ளபடி' என்று போட்டாள். அதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. சேமித்தாள்.

கலங்கரை விளக்கம் விருந்து முடிந்து பாய் சுருட்டுகிற மாதிரி மேலிருந்து சுருண்டுகொண்டே வந்து, ஒரு சத்தமும் இல்லாமல் பன்னிரண்டு அடிக் கல்தூணாகி நின்றது. அதன் மேல்பாதியில் விளக்கு ஏற்ற ஒரு மாடம் இருந்தது. மரியசூசை எழுந்து போய் அதைத் தொடப் பார்த்தார், எட்டவில்லை, பெட்டியை இழுத்துப் போட்டு ஏறித் தொட்டார். அவருடைய உத்தரவில் 'விளக்குக் காப்பாளர்' என்றுதான் இருந்தது, விளக்கின் உயரம் எழுதப்பட்டிருக்கவில்லை. தூணடியில் காப்பாளருக்கு ஓர் ஓட்டு வீடும் இருந்தது. கையேட்டில் அடுத்த வரியில் அது இருந்ததை அருந்தவம் விடாமல் சேர்த்திருந்தாள்.

பேருந்து நிலையத்தில் முதலில் தரை வியர்த்தது. பிறகு கணுக்கால் நனைந்தது. தேவகோட்டை வண்டிக்காக நின்றவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் அவசரப்படவில்லை, ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டு வருகிற மாதிரி, மெதுவாக, முட்டிக்கு, தொடைக்கு என்று ஏறியது. ஓட்டுநர்கள் வண்டிகளைப் பின்னெடுத்து மேட்டில் நிறுத்தினார்கள். மண்டபத்தில் ஒரு நிச்சயதார்த்தம் நடந்துகொண்டிருந்தது. சம்பந்தி வீட்டார் இலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள், பரிமாறுகிறவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் பாயச வாளியை மிதக்க விட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். குலசேகரபாண்டி மேடை மேல் நின்று கைபேசியை எடுத்து, மண்ணின் மைந்தனாக மாறி, அந்த வரியை அழித்தார். தண்ணீர் சட்டென்று வடிந்தது. யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்கம் அச்சிட்ட புத்தகம், பக்க எண் சுத்தமாக இருக்கிறது என்று திரும்பச் சேர்த்தார். தண்ணீர் ஏறியது. தலைவர் அழித்தார், வடிந்தது. சிங்கப்பூர்க்காரர் சேர்த்தார், ஏறியது.

"யோவ், எதையாவது ஒண்ணப் பண்ணுய்யா! ஏத்தி எறக்காத!" என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் இலையோடு நின்று கத்தினார். சுற்றியிருந்த சனமெல்லாம் திரும்பித் தலைவரைப் பார்த்தது. அவர் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வெள்ளத்தாய்தான் முதலில் குடத்தோடு இறங்கியவள். முதல் குடத்தை மொண்டு, ஒரு வாய் குடித்துப் பார்த்து, மிச்சத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். மற்ற பதினொரு பேரும் அப்படியே செய்தார்கள். புளோரா படித்துறையில் நின்று, இது உப்பே கரிக்காத கடல் என்று யாரிடமோ குறை சொல்லிக்கொண்டே, சேலையைச் செருகிக்கொண்டு குதித்து, நாலு ஏக்கரையும் ஒரே மூச்சில் நீந்தி அக்கரைக்குப் போனாள்.

இதெல்லாம் நடந்தும் அருந்தவத்துக்கு நெஞ்சு ஆறவில்லை. அந்தச் சான்று பழசு, இன்றைக்கு இருப்பதற்கு அது சாட்சி ஆகாது என்று அவளுக்குத் தெரியும். இன்னொரு 'காலாவதி' என்றைக்காவது வந்து கேட்பாள், கேட்கவும் வேண்டும். பத்தாம் நாள், மாவட்டத் தலைநகரிலிருந்து பொதுப்பணித்துறை உதவிப் பொறியாளர் ஒருவர், ஜீப்பில், தோல்பையோடு வந்து இறங்கினார். கோப்பின்படி இங்கே குளம் கிடையாது என்றார். தண்ணீரைக் காட்டினார்கள். அவர் கோப்பைக் காட்டினார். கோப்பில் இல்லாத குளத்தில் எப்படி மூழ்க முடியும் என்று சொல்லி, பூட்ஸ் காலோடு, வரைபடத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, பேருந்து நிலையம் இருக்க வேண்டிய திசையில் நேராக நடந்து போனார். ஏழாவது அடியில் வரைபடம் மட்டும் மேலே தெரிந்தது.

மரியசூசை இழுத்துக் கரையில் போட்டார். பொறியாளர் வெகுநேரம் இருமினார். பிறகு நேர்மையான மனிதர் என்பதால், பேனாவை உதறி, அங்கேயே அறிக்கை எழுத ஆரம்பித்தார்: குளம் உள்ளது; ஆழம், கரையிலிருந்து ஏழாவது அடியில், ஐந்தே முக்கால் அடிக்குக் குறையாது; நேரில் சோதித்தது.

அருந்தவம் துண்டும் காய்ச்சல் மாத்திரையுமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் மாத்திரையை வாயில் போட்டுக்கொள்ளும்வரை காத்திருந்தாள்.

"சார், இந்த அறிக்கை எப்ப அச்சுக்குப் போகும்?"

"வர்ற மாசம், துறையோட ஆண்டு மலர்ல" என்று சொல்லிவிட்டு அவர் தும்மினார்.

"வந்ததும் பக்க எண்ண மட்டும் எனக்குச் சொல்லிருங்க சார்" என்று சொல்லி, அவள் துண்டை அவர் தலையில் போட்டுத் துவட்டிவிட்டாள்.